டோக்கியோ கடையில் அப்பாவுக்குப் படையல்

1

இந்த வருஷம் ஆடியில் நான் ஊருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு முத்தியால்பேட்டையில் மூன்று கதைகள் உலவுவதாகத் தங்கை வசந்தி போனில் சொன்னாள். எனக்கு வேலை போய்விட்டது என்பது முதல் கதை. பெண்டாட்டி என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்பது இரண்டாவது. இதற்குத்தான் வரவேற்பு அதிகமாம். குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சுற்றுலா போயிருக்கிறான் என்பது மூன்றாவது. அதுதான் உண்மை, அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. மில் பிட்டர் மகனுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்வி. அங்கே இருந்த நாளெல்லாம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பிரான்சுக்குப் படித்துப் போனவன் இல்லை, கட்டிக்கொண்டு போனவன். நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. என் மனைவி சுமதியின் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அந்த நாட்டுப் பென்ஷனை வாங்கிக்கொண்டு, கடற்கரையில் தொப்பி போட்டுக் காலை நடை போகிறவர். பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, மாப்பிள்ளைக்கு என்ன உண்டு என்று பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் கேட்டார். "நல்லா பசி உண்டு முசே" என்று என் அப்பா பதில் சொன்னார். சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்க வேண்டும். சொல்தா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் பலனாக நான் இன்று பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் மின்சார வேலை பார்க்கிறேன்.

எங்கள் மகள் மீராவுக்குப் பதிமூன்று வயது. அங்கே பிறந்த பிள்ளை பிரெஞ்சுக்காரியாகிவிடுமோ என்று நானும் சுமதியும் பயந்துகொண்டே வளர்த்தோம். அவள் ஜப்பான்காரியாகிவிட்டாள். பிரான்சில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜப்பானியப் படக்கதைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் ஜப்பானிய மொழி வகுப்புக்கு வேறு போகிறாள். தமிழ் கற்றுக்கொள்ளச் சொன்னால் எழுத்து ரொம்ப அதிகம் பப்பா என்பாள். ஜப்பானிய எழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம், அது மட்டும் அவளுக்கு அதிகமாகத் தெரியவில்லை. பேச்சுத் தமிழ் ஓரளவு வரும். அதுவும் பசித்தால்தான் வரும்.

இந்தக் கோடையில் ஊருக்கு வேண்டாம், ஜப்பானுக்குப் போவோம் என்று அவள் போன கிறிஸ்துமஸிலிருந்து நச்சரித்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். நான் கல்லுகூட இல்லை.

2

சிக்கல் என்னவென்றால், ஆடிக் கடைசியில் அப்பாவின் திதி வருகிறது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மில்லில் பிட்டர். ஷிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்கு வரும் பழக்கம் இல்லை. நடுவில் சாராயக்கடை, அங்கே ஓர் அவித்த முட்டை. கையில் காசு ஓட்டம் இருக்கும் நாட்களில் பிராந்தியும் கோலி சோடாவும். குடித்தால் அடிக்க மாட்டார், பாட மாட்டார், வீட்டில் எல்லோர் தட்டையும் கவனிப்பார். அதுதான் அவருடைய கெட்ட குணம். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் வாங்கிவந்து அம்மா வறுத்துப் போடுவாள். தன் தட்டில் துண்டு இருக்கும்போதே அப்பாவின் கை என் தட்டுக்கு வரும். "உன் மீன்ல முள்ளு இருக்கா பாக்கறேன்" என்பார். பார்த்து முடிக்கும்போது முள் இருக்கும், மீன் இருக்காது. பிறகு தன் துண்டையும் சாவகாசமாகச் சாப்பிடுவார். நான் அழுவேன். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லாமல் தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து என் தட்டில் போடுவாள்.

மீரா பிறந்த வருஷம் அவர் போய்விட்டார். பேத்தியைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவளுக்குத் தாத்தாவைப் பற்றித் தெரிந்தது இந்த முள் கதை ஒன்றுதான். எங்கள் வீட்டில் மீன் வறுக்கும் நாளெல்லாம் நான் அதைச் சொல்வேன். சுமதிக்கு மனப்பாடம். மீரா நான் வாயைத் திறக்கும்போதே கண்ணை மேலே உருட்டுவாள்.

திதிக்கு எங்கள் வீட்டுச் சட்டம் இது: பிள்ளை படைக்க வேண்டும், காக்கா எடுக்க வேண்டும், அதுவரை அம்மா எதையும் வாயில் வைக்க மாட்டாள். முதல் வருஷம் நான் பாரிஸில் பால்கனியில் படைத்தேன். காக்கா வருவதற்குள் புறாக்கள் வந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டன. உண்மை விளம்பியாக அதை அம்மாவிடம் சொன்னேன். பொறா காக்கா ஆவுமா என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பட்டினி கிடந்தாள். அதிலிருந்து நான் லீவைத் திதியை ஒட்டியே எடுத்து ஊருக்கு வந்துவிடுவேன். நம் ஊர்க் காக்காக்களைக் குறை சொல்ல முடியாது. இலையை விரிப்பதற்குள் மாடிச் சுவரில் வரிசை கட்டி நிற்கும்.

இப்போது அம்மாவுக்குச் சர்க்கரை. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும். ஒரு நாள் கொஞ்சம் தாமதமானதற்கே மயங்கி விழுந்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். அதனால் ஜப்பான் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அம்மாவிடம் பேசினேன். இந்த ஒரு வருஷம் வசந்தியின் புருஷன் படைக்கட்டும் என்றேன். அம்மா தலையாட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. புறப்படும் வாரம் கூப்பிட்டால் பேச்சு மாறிவிட்டது.

"மருமவன் கூப்புட்டா அவரு வருவாரா? நீ இருக்கற எடத்துலயே படைடா. காக்கா எங்கதான் இல்ல?" என்றாள்.

3

விசா எடுத்த கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்புக்கே மரியாதை இல்லை. சுமதிக்கும் மீராவுக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், விசாவே வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறேன். என் குடியுரிமை மனு ஒரு அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தூங்குகிறது. அப்பாவின் பிறப்புச் சான்று வேண்டுமாம். அவர் எந்த வயல் வரப்பில் பிறந்தாரோ, யார் போய்ப் பதிந்தார்கள்? இறப்புச் சான்று இருக்கிறது, முத்திரையோடு கொடுத்தேன். ஆக, பிரெஞ்சு அரசைப் பொறுத்தவரை என் அப்பா பிறக்காமலே செத்துப்போனவர்.

விசாவுக்கு ஹோட்டல் ரசீது, சம்பளச் சீட்டு, திரும்பிவருவேன் என்பதற்கு அத்தாட்சி எல்லாம் கேட்டார்கள். கடைசியில் என் சொந்தப் பெண்டாட்டி, இவர் என்னோடுதான் வருகிறார், என்னோடுதான் திரும்புவார் என்று உத்தரவாதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள்.

4

ஜப்பானில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் கோயில், கோட்டை, எரிமலை என்று அடுக்க வேண்டும். நான் பார்த்தது கொன்பினி. தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் கடைக்கு அங்கே அதுதான் பெயர். இரவு பகல் மூடுவதே இல்லை. டோக்கியோவில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஹோட்டல். அறையில் பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. எதிர் வாடையில் ஒரு கொன்பினி, உள்ளே நல்ல ஏசி. வெளியே நம்ம ஊர் வெயில் தோற்றுப்போகும் புழுக்கம். நாங்கள் அங்கேயே குடியிருந்தோம்.

ஊரில் எங்கள் தெருமுனையில் முருகேசன் கடை வைத்திருக்கிறார். உள்ளே போனால் "என்னா?" என்பார். அவருடைய வரவேற்பு அவ்வளவுதான். இங்கே கதவு தானாகத் திறந்து மணி அடிக்கிறது. கல்லாவில் ஒருவர், அலமாரிக்குப் பின்னால் ஒருவர், கண்ணுக்கே தெரியாத இன்னொருவர் என்று எல்லோரும் சேர்ந்து "இராஷ்ஷாய்மாஸே" என்று குரல் கொடுக்கிறார்கள். வாங்க வாங்க என்று அர்த்தமாம். வாங்க என்று ஒருவர் சொன்னால் நாம் சும்மா போக முடியுமா? நான் நின்று, மூன்று திசைக்கும் கைகூப்பி, வந்தேங்க, நல்லா இருக்கீங்களா என்று தமிழில் விசாரித்தேன். பின்னால் வந்தவர்கள் என் முதுகில் மோதிக்கொண்டார்கள். யாரும் பதில் சொல்லக் கூடாது பப்பா என்று மீரா பிரெஞ்சில் சீறினாள். அப்புறம் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காசைக் கையில் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். கல்லாவில் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, அதில் வைக்க வேண்டும். வலது கையால் நீட்டிப் பழகிய நான் நீட்டிக்கொண்டே இருந்தேன். கல்லாவில் இருந்த அம்மா, ஐம்பது தாண்டியவர், இரண்டு கையாலும் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஆலாத்தித் தட்டில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சுமதி சொன்ன பிறகுதான் என் கை இறங்கியது.

கடைக்குள் இல்லாத பொருள் இல்லை. குடை, பனியன், இழவு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கறுப்பு டை, கரண்ட் பில் கட்டும் வசதி, சுத்தமான கக்கூஸ். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டைகள் கடற்பாசித் தாளில் சுற்றி வரிசையாக இருக்கின்றன. அதைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு, உறையிலேயே ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டிருக்கிறார்கள். நான் மூன்றிலிருந்து ஆரம்பித்தேன். பாசி உறையோடு போனது, சோறு மட்டும் கையில் நின்றது. வெள்ளைச் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குத் திதி ஞாபகம் வந்தது.

5

திதி அன்று காலை மூன்று பேரும் கொன்பினி வாசலுக்குப் போனோம். என் பிரெஞ்சு செல்போன் ஜப்பானில் வேலை செய்யவில்லை. கடை வாசலில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது, அதற்குக் கார்டும் அந்தக் கடையிலேயே விற்றார்கள். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா குளித்து முடித்துத் தயாராக இருந்தாள். படையலுக்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பேரம் நடந்தது.

மீன் குழம்பு என்றாள். டப்பாவில் அடைத்த மீன் இருக்கிறது என்றேன். கெட்டுப்போவாதா என்றாள். அவித்த முட்டை தயாராகவே கிடைத்தது, அதில் பிரச்சினை இல்லை. வறுத்த கோழி கண்ணாடிப் பெட்டியில் சூடாக இருந்தது. பிராந்திதான் சின்ன பாட்டிலில் இல்லை. தம்ளரில் மூடி போட்ட அரிசி மதுதான் இருந்தது.

"அரிசியில காச்சுனதா? அப்ப சாராயந்தான். வையி, அவருக்கு அது போதும்" என்றாள் அம்மா.

நீ முதலில் சாப்பிட்டு மாத்திரை போடு, நான் படைத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். போனை வசந்தியிடம் கொடுத்துவிட்டாள். எட்டு மணிக்குள்ள முடிச்சுடு அண்ணா, அதுக்கு மேல தாங்காது என்று வசந்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

உள்ளே போனோம். மீராவுக்கு இதெல்லாம் முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. தாத்தா காக்காவாக வருவார் என்றால் அவர் எப்போதும் காக்காவாகவே இருப்பாரா, இன்றைக்கு மட்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடையில் அவள்தான் எனக்குக் கண்ணும் வாயும். குளிர்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவள் ஒரு பாட்டிலை எடுத்துவந்து நீட்டினாள். கழுத்தில் கோலிக்குண்டு. நம்ம ஊர் கோலி சோடாவேதான், வாசனை மட்டும் எலுமிச்சை. பாரிஸில் இத்தனை வருஷம் தேடியும் கிடைக்காதது, இங்கே தேடாமலே கிடைத்தது. அப்பா கட்டைவிரலால் குண்டை அழுத்தும் சத்தம் காதில் கேட்டது. கடை நடுவில் நின்று அழுதால் மீரா என்னைத் தெரியாதவள் போலப் போய்விடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

வாழையிலைக்குத்தான் வழியில்லை. சாப்பாட்டுப் பெட்டிகளில் அழகுக்காகப் புல் மாதிரி வெட்டிய பச்சைப் பிளாஸ்டிக் தாள் வைக்கிறார்கள். சுமதி இரண்டு பெட்டி வாங்கி அந்தத் தாள்களை எடுத்துக் காகிதத் தட்டில் பரப்பினாள். பச்சையாக இருந்தது, அது போதும். ஊதுவத்தி கிடைக்குமா என்று சந்தேகமாக இருந்தது. கிடைத்தது, ஒரு அலமாரியே தனியாக வைத்திருந்தார்கள். அந்த வாரம் அவர்களுக்கு ஓபோனாம். செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் வாரம்.

கல்லாவில் அதே அம்மா. எத்தனை பேருக்குச் சாப்பிடும் குச்சி வைக்க என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். மீரா நான்கு விரலைக் காட்டினாள். அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், ஊதுவத்தியைப் பார்த்தார், மெதுவாக ஏதோ கேட்டார். "ஓஜீசான்" என்றாள் மீரா. தாத்தா என்று அர்த்தம். நான்காவது குச்சியை அந்த அம்மா தனியாக, இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

6

இனிமேல்தான் கூத்து. ஹோட்டல் ஜன்னல் திறக்காது, மொத்தமாக அடைத்திருந்தது. பின்னால் அவசரப் படிக்கட்டில் தட்டை வைத்தேன். ஹோட்டல்காரர் ஓடிவந்து, என்னைத் திட்டுவதற்குப் பதில் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். குனிந்தபடியே தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பக்கத்துப் பூங்காவில் காக்காய்ப் படம் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை இருந்தது. இரை போடக் கூடாது என்று எழுதியிருப்பதாக மீரா படித்துச் சொன்னாள். டோக்கியோவில் காக்கா ஒரு தொல்லையாம், குப்பைப் பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைக்குமாம். தினமும் காலையில் ஹோட்டல் வாசலில் பட்டாளமாக இறங்கி அட்டகாசம் செய்ததை நானே பார்த்தேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாள் இல்லை. ஒரு காக்காவைக் காணோம்.

சுற்றிச் சுற்றிக் கொன்பினி வாசலுக்கே வந்தோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர். அங்கே சைக்கிள் நிறுத்தும் இடத்தின் ஓரம் நிஜமாகவே ஒரு குட்டிச்சுவர் இருந்தது. தட்டை அதன்மேல் வைத்தேன். சோற்று உருண்டை, மீன், முட்டை, கோழி, மூடி திறந்த மது, குண்டு அழுத்திய சோடா, அவர் பிடித்த பழக்கத்துக்கு ஒரு பெட்டி சிகரெட். ஊதுவத்தி கொளுத்தினேன். தெற்குப் பக்கம் எது என்று தெரியாததால் ரயில் நிலையத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு கையைக் குவித்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். கோட்டு போட்ட ஒருவர் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தார். மீரா ஜாடையாக நாலடி தள்ளி நின்றாள்.

எட்டாவது தடவையோ பத்தாவது தடவையோ, மின்கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நம்ம ஊர்க் காக்காவைப் போல இரண்டு மடங்கு, கழுத்தும் சேர்த்துக் கறுப்பு, மூக்கு அரிவாள் கணக்கில் இருந்தது. தலையைச் சாய்த்துத் தட்டைப் பார்த்தது. வாப்பா என்று நான் முணுமுணுத்தபோது கடைக்கதவு திறந்தது. கல்லா அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

எங்களை விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இல்லை. தட்டின் முன்னால் நின்று கைகூப்பிக் கண்ணை மூடினார். பிறகு துடைப்பத்தை ஓங்கிக் காக்காவை விரட்டினார். செத்தவருக்கு வைத்ததைக் காக்கா தொட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. காக்கா தொட்டால்தான் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் கவலை. அது திரும்ப வந்தது, அவர் திரும்ப விரட்டினார். முன்பின் தெரியாத ஒரு புண்ணியவதி, என் அப்பாவின் சாப்பாட்டுக்குக் காவலாக நின்று என் அப்பாவையே துடைப்பத்தால் அடித்துத் துரத்திக்கொண்டிருந்தார்.

சொல்லு மீரா, சொல்லு என்று நான் கெஞ்சினேன். அவள் படித்த படக்கதை ஜப்பானியத்தில் வாள் சண்டைக்கு வார்த்தை இருந்தது, காதலுக்கு இருந்தது, எங்கள் தாத்தாதான் அந்தக் காக்கா என்று சொல்ல வார்த்தை இல்லை. கம்பியைக் காட்டி ஓஜீசான், ஓஜீசான் என்றாள். அந்த அம்மா தாத்தாவுக்கு வைத்ததைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கி நின்றார். அவருடைய இரண்டு கைகளும் துடைப்பத்தை விடவேயில்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஊரில் எட்டரை. ஓடிப்போய்ப் போன் போட்டேன். வசந்தி எடுத்தாள், அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்றாள். குரலில் கோபமும் அழுகையும் கலந்திருந்தன. அடுத்த அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த அரை மணியும் துடைப்பத்திலேயே போனது.

"எடுத்துடுச்சின்னு சொல்லிடுங்க. அத்த சாப்புடட்டும். பாவமெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் சுமதி.

மீராவுக்குப் பசி. காக்கா எடுக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தும், தனக்கென்று வாங்கிய கோழித்துண்டைக் காகித உறையிலிருந்து பாதி வெளியே எடுத்து மூக்கருகில் வைத்திருந்தாள். வாசனை பிடிப்பது சாப்பிடுவது ஆகாது என்பது அவள் வாதம். அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சுமதி சொன்னதே சரி என்று பட்டது. அம்மா உயிரோடு இருந்தால்தானே அப்பாவுக்குத் திதி. பொய் சொல்லும் முடிவோடு போனை எடுத்தேன். இந்த முறை அம்மாவே பேசினாள்.

"எடுத்துச்சா?"

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எடுத்துடுச்சிம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் மீரா அலறினாள்.

திரும்பிப் பார்த்தால் அவள் இரண்டு கையும் காலி. காக்கா கம்பிக்கு ஏறிக்கொண்டிருந்தது, மூக்கில் உறையோடு கோழித்துண்டு. துடைப்பக்கார அம்மா தட்டைக் காத்து நின்ற இடத்திலேயே சிலையாக நின்றார். படையலில் ஒரு பருக்கை குறையவில்லை.

"புள்ள ஏன்டா கத்துது?" என்றாள் அம்மா.

பொய்க்கு வேலை இல்லாமல் போனது. நடந்ததை அப்படியே சொன்னேன். படையலைத் தொடவில்லை, மீராவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். புறா விஷயத்தில் தீர்ப்புச் சொன்னவள் இதற்கும் செல்லாது என்றுதான் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நீங்களும் சொல்வீர்கள். அங்கே காக்கா வழிப்போக்கர்களிடம் பிடுங்குவது தினமும் நடப்பதுதான் என்று ஹோட்டல்காரரும் பிற்பாடு குனிந்து குனிந்து சொன்னார்.

அதற்குள் மீராவுக்குப் பயம் தெளிந்துவிட்டது. கம்பியின்மேல் உட்கார்ந்து உறையைக் கிழித்துக்கொண்டிருந்த காக்காவை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி, பிரெஞ்சில் இல்லை, ஜப்பானியத்தில் இல்லை, தமிழில் கத்தினாள்.

"தாத்தா, அதுல முள்ளே இல்ல!"

போனில் அது கேட்டிருக்க வேண்டும். அம்மா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

"அவருதான். வேற யாரு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "புள்ளைக்கு வேற துண்டு போட்டியா?" என்று கேட்டாள்.

நான் திரும்பினேன். கல்லா அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே ஓடி, புதுக் கோழித்துண்டு ஒன்றோடு வெளியே வந்திருந்தார். காக்கா ஏதோ அவர் வீட்டு ஆள் போலத் தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தட்டில்கூட வைக்காமல், மீராவின் கையிலேயே அதைக் கொடுத்தார்.

"கடக்காரம்மா போட்டாங்கம்மா" என்றேன்.

"அப்ப சரி. நா சாப்புடறேன், வையி."

வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். வசந்தி தட்டை எடுத்துவந்து தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.